சீப்பை முதலில் நீட்டுபவர்

செங்கம் ரோட்டில் பியூட்டி பார்லர் நடத்தும் அந்தப் பெண்ணின் முகம் எப்போதும் சண்டைக்குத் தயாராகவே இருக்கும். வியர்வையில் கரைந்த குங்குமம், பாதி அவிழ்ந்த கொண்டை. யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் சீப்பைக் கையில் கொடுத்துவிடுவார். "நீங்களே சீவிக் காட்டுங்க. போட்டோவப் பாத்து வெட்டிட்டுப் போறீங்க, வீட்ல உங்க கைதானே சீவணும்?"

அடி அண்ணாமலை கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவை அன்று அழைத்துப் போயிருந்தேன். தோள்வலியில் அம்மாவின் கை காதுக்கு மேல் எழவில்லை.

"கழுத்தோட வெட்டிடலாம்மா" என்றார் அவர்.

அம்மா தலையாட்டினாள். உடனே என்னிடம், "பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றாள். எங்கள் வீட்டில் எதையும் ஒருவரையொருவர் கேட்காமல் செய்வதில்லை. அதற்குப் பெயர் பாசம்.

சென்னையிலிருந்து அண்ணன் ஸ்பீக்கரில் கத்தினான். "அம்மா முடியில கத்தரி வெச்சா நான் ஊருப் பக்கமே வரமாட்டேன்!"

தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் பார்லர்காரர் என் போனைப் பிடுங்கிவிட்டார்.

"சரி சார், வெட்டல. நாளைக்குக் காலைல வந்து நீங்களே சீவிப் பின்னிவிடுங்க. தெனமும் வரணும்."

அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "எம் புள்ளைய ஏம்மா திட்டுற?"

"திட்டலம்மா. சீவத்தான் கூப்பிட்டேன்."

அம்மா தலை குனிந்து பின்னலை அவர் பக்கம் தள்ளினாள். அத்தனை ஆத்திரக்காரர் கத்தரியை அவ்வளவு மெதுவாக வைத்தது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சீவவும் வரவில்லை.