பக்கத்தின் அடியில் இருந்த வரி

நான் செய்து கொடுத்த இணையதளங்களின் அடியில் ஆரம்பத்தில் ஒரு வரி இருக்கும். எந்த மென்பொருளால் அந்தத் தளம் இயங்குகிறது என்று சொல்லும் பொடி எழுத்து வரி. அதை அழுத்தினால் அந்த மென்பொருளை எழுதியவர்களின் பக்கம் திறக்கும். முகம் தெரியாத பலர் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், காசுக்குச் செய்து கொடுத்தாலும் சரி என்று விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. அவர்களுக்கு நான் காட்டும் மரியாதை அந்த ஒரு வரிதான் என்று நினைத்திருந்தேன்.

புது நூற்றாண்டு பிறந்த கையோடு பெங்களூரில் கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கட்டியபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈஜிபுராவில் ஒரு மாடியறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சின்னக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் செய்து கொடுத்துப் பிழைக்கலானேன். தொம்மலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய ஒருவருக்கு மூன்று வாரம் உழைத்து ஒன்று செய்தேன். ஒப்படைக்கப் போன அன்று அவர் அந்த வரியை ஏற்கெனவே அழுத்திப் பார்த்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

“இது ஃப்ரீதானே மேடம்? ஃப்ரீயா வந்தத எங்கிட்ட வித்துட்டீங்களே” என்றார்.

காசு மென்பொருளுக்கு அல்ல, என் வேலைக்கு என்று விளக்கினேன். கன்னடத்திலும் எழுதினேனே, படங்களைச் சரிசெய்தேனே, வகுப்பு நேரங்களைத் தினமும் மாற்ற வழி செய்தேனே என்றெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், டீ வரவழைத்துக் கொடுத்தார், மீதிப் பணத்தைத் தரவில்லை. அவர் எனக்காகச் சொல்லி வைத்திருந்த இரண்டு கடைக்காரர்களும் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. கோபத்தில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் வேறு திட்டு வாங்கினேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் அடுப்பையே மறைக்கக் கிளம்பினேன்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மெழுகுவர்த்திக் கடைக்கு மேலே ஓர் அறையில் ஓர் அக்கா கல்யாணத் தகவல் நிலையம் நடத்தினார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், கணவரை இழந்தவர். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வருமானம். வியாழக்கிழமை நவநாள் ஜெபம் முடிந்ததும் அம்மாக்கள் கோயிலிலிருந்து நேராக அந்தப் படிகளில் ஏறி வருவார்கள். பெண்ணின் படத்தை வாங்கும்போது அக்கா ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார், திருப்பிக் கொடுக்கும்போதும் வாங்குவார். படத்தின் பின்பக்கம் பென்சிலால் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று ஒரு வரி எழுதி வைப்பார். எவ்வளவு பெரிய இடமானாலும் படத்தைக் கையில் கொடுத்தனுப்ப மாட்டார். எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். அம்மாக்கள் அவரை நம்பியது இதற்காகத்தான்.

துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பையன்கள் இப்படி வந்து உட்கார முடியாது என்பதால் அவருக்கு ஒரு தளம் தேவைப்பட்டது. கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் மட்டும் படங்களைப் பார்க்கும்படி செய்து தரக் கேட்டார். எங்கிருந்து செய்வாய், எதை வைத்துச் செய்வாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவேதான் வாயைத் திறந்தேன். “எல்லாம் என் சொந்த மென்பொருள்க்கா” என்றேன்.

சொன்ன பொய்க்கு வேலை செய்ய வேண்டியிருந்தது. அடியில் இருந்த வரியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அக்கா தினமும் திறக்கும் நிர்வாகப் பக்கத்திலும் அந்த மென்பொருளின் பெயர் இருந்தது. உள்ளே இறங்கி, மூலக் கோப்புகளையே திருத்தி, பெயர் வரும் இடங்களிலெல்லாம் நானே இட்டுக்கட்டிய ஒரு பெயரைப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பேசிய காசை அக்கா எண்ணிக் கவரில் போட்டு, பேரம் பேசாமல் கொடுத்தார். அப்போதுகூட எனக்கு வெட்கம் வரவில்லை, சாமர்த்தியம் பலித்த சந்தோஷம்தான் வந்தது.

வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிப் பெருமையாகப் பேசுவார். எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் என் படத்தைக் கேட்டார். பீஸ் வேண்டாம், நம் வீட்டுப் பெண் என்றார். எனக்கு இனி யார் வரப் போகிறார்கள் என்று கிண்டல் செய்தபடியே ஒரு படத்தைக் கொடுத்து நோட்டில் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு வருடம் போல எல்லாம் ஓடியது. தளத்தின் வழியாகச் சில கல்யாணங்களும் நிச்சயமாயின. பிறகு அந்த மென்பொருள்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பும் மின்னஞ்சல் கடிதம் ஒன்று வந்தது. வெளியார் உள்ளே நுழையும்படி ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறோம், உடனே புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. மற்றவர்களுக்கு அது அரைமணி நேர வேலை. எனக்கு அப்படியில்லை. புதிய பதிப்பைப் போட்டால் நான் திருத்திய கோப்புகளெல்லாம் போய்விடும். மறுநாள் காலை அக்கா பார்க்கும் பக்கத்தில் உண்மையான பெயர் வந்து நிற்கும். மறுபடி ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அல்லது அக்காவிடம் போய் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இரண்டையும் செய்யாமல் தள்ளிப் போட்டேன். இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவதும் வந்தது. விவேக் நகரின் கல்யாண நிலையத்தை உலகத்தில் எவன் தேடி வரப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் தேடி வர வேண்டியதில்லை, ஓட்டையுள்ள தளங்களைத் தானாகவே தேடி நுழையும் நிரல்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஒரு வியாழக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கூடியிருக்க, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மகளின் படத்தைப் பெரிதாக்க அழுத்தியிருக்கிறார். திறந்தது ஓர் ஆபாசப் பக்கம். எந்தப் பெண்ணின் படத்தை அழுத்தினாலும் அதுவே திறந்தது. நான் தளத்தை முடக்கிவிட்டு விவேக் நகருக்கு ஓடினேன். அந்த அப்பா அக்காவின் அறையில் நின்றுகொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. மகளின் படத்தைத் திருப்பிக் கேட்டார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். அவர் அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நவநாள் முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. அம்மாக்கள் படங்களைத் திரும்ப வாங்கப் படிகளில் வரிசையாக நின்றார்கள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அக்கா எனக்காகப் பேசினார். இந்தப் பெண் மேல் தப்பில்லை, அவளே பார்த்துப் பார்த்துச் செய்தது, வயிற்றெரிச்சலில் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூட்டம் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். மென்பொருள் என்னுடையதல்ல, இலவசமாகக் கிடைத்தது, பெயரை மறைத்தேன், மறைத்ததால்தான் ஓட்டையை அடைக்காமல் விட்டேன் என்று. தொம்மலூர்க்காரர் கேட்ட கேள்விக்கு மனதைத் தயாராக வைத்திருந்தேன். அக்கா அதைக் கேட்கவில்லை.

“ஃப்ரீயா கெடச்சா இன்னாம்மா? பொண்ணயும் மாப்ளயயும் நானா செய்யறேன்? இருக்கறவங்கள சேத்து வெக்கிறேன். அதுக்குத்தானே பீஸ் வாங்கறேன். எங்கிட்ட சொல்லியிருந்தா அதே காச குடுத்திருப்பேனே.”

நான் படியிறங்கினேன்.

இரண்டு நாளில் தளத்தைச் சுத்தமாகத் திரும்பச் செய்தேன். புதிய பதிப்பு, அடியில் அந்த வரி, எல்லாம் இருந்தது. போய்ச் சொன்னபோது, திறக்க வேண்டாம் என்றார். அடுத்த வியாழன் யாரும் படியேறவில்லை. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. மிச்சமிருந்த படங்களை அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கினார். கூட வருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறையை மெழுகுவர்த்திக் கடைக்காரர் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த எந்தத் தளத்திலும் அந்த வரியை எடுக்கவில்லை. அழுத்திப் பார்த்துப் பேரம் பேசியவர்கள் உண்டு, வேலையையே நிறுத்தியவர்களும் உண்டு. நேர்மையாக இருந்தேன் என்று மார்தட்ட அதில் ஒன்றுமில்லை. யாரிடம் நேர்மையாக இருந்திருக்க வேண்டுமோ அவர் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அவர் ஈஜிபுராவுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், பஸ் போய்விடும் என்று வாசலிலேயே நின்றார். பையிலிருந்து அந்த நோட்டையும் ஒரு கவரையும் எடுத்தார். என் படம் அவரிடம் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

“ஒன்னுதுதாம்மா கடைசி” என்று பேனாவை நீட்டினார்.

என் பழைய கையெழுத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கவரைப் பிரித்தேன். படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய வரி அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ‘சொந்தமாக சாப்ட்வேர் செய்யும் பெண், நம்பிக்கையானவள்’ என்று எழுதியிருந்தார்.