கட்டில் கைப்பிடியும் கலிமாவும்

பிள்ளைகளே, நான் வீட்டில் எதையாவது திருத்தப் போனால், "கட்டிலச் சுத்தின மாதிரிச் சுத்திடாதீங்க" என்று உங்கள் உம்மா சிரிப்பாரே, அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உங்களில் கடைசியாள் பிறந்த கையோடு உம்மாவுக்குக் காய்ச்சல் கூடி, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் போட்டார்கள். "பிரஷர் இனி இறங்காமல் நின்றால் தப்பிவிடுவார்" என்றார் டொக்டர்.

உம்மாவின் இடது மணிக்கட்டில், நாடிக்குள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். அது பக்கத்துக் கம்பத்தில் பூட்டிய சின்னப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு துடிப்பின் பிரஷரும் திரைக்கு வரும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சிங்கள மிஸி. நர்ஸ்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். குழாய் கழன்றால் இரத்தம் கொட்டிவிடும் என்று அந்தக் கையைப் போர்வையால் மூட விடமாட்டார். விரல்களுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று அடிக்கடி பார்ப்பார். பெருநாளைக்குப் போட்ட மருதோண்டி நகத்தில் சிவந்து கிடந்ததால் நிறத்தை நம்ப முடியாது. ஆகவே இரண்டு கை விரல்களையும் மாறிமாறிப் பிடித்துச் சூடு பார்ப்பார். "அக்கா, விரல் ஆட்டுங்க. ஹொந்தய், ஹொந்தய்." நல்லது, நல்லது என்று தன் பாஷையில் சொல்வார்.

ஒருநாள் பின்னேரம் நான் பார்க்கப் போனபோது, "முதுகு நோவுது, தலமாட்டக் கொஞ்சம் பதிச்சு விடுங்க" என்றார் உம்மா. மிஸி அடுத்த கட்டிலில் வேலையாக இருந்தார். கட்டிலை ஏற்றி இறக்கும் கைப்பிடியை நான் சுற்றினேன். கட்டில் பதியப் பதியத் திரையில் பிரஷரும் இறங்கியது. மெஷின் கத்தத் தொடங்கியது.

முடிந்தது என்றே நினைத்தேன். சக்ராத்தில், உயிர் பிரியும் நேரத்தில், கிடப்பவருக்குச் சொல்வதுபோல, உம்மாவின் காதில் குனிந்து சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கினேன்.

உம்மா கண்ணைத் திறந்தார். "இதென்ன, எனக்குக் கலிமா சொல்லித் தாறீங்க? நான் மௌத்தாகுறேன்டு ஆரு சொன்ன?"

"மெஷின் சொல்லுது!" என்றேன் அழுதுகொண்டு.

மிஸி ஓடி வந்தார். அவர் முதலில் திரையைப் பார்க்கவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தார், மற்றக் கையில் நாடி பிடித்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நானா கட்டில் பதிச்சதா?" அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் 'நானா'வை அவரும் பழகியிருந்தார்.

"ஓம் மிஸி."

உம்மாவின் விலாப்பக்கம் கையை வைத்து, அந்த மட்டத்துக்குப் பெட்டியை இறக்கினார். அதிலிருந்த சின்னக் குழாய்த் திறப்பைக் காற்றுக்குத் திறந்து மூடினார். பிரஷர் பழைய இடத்துக்கு ஏறியது.

"பெட்டி நெஞ்சுக்கு நேரா இருக்க வேணும். நெஞ்சு கீழ போனா மெஷின் பொய் சொல்லும். இனி நானா கட்டில் சுத்தினா, நானாவுக்கும் ஒரு ஊசி!"

உப்புப் பாத்தியில் தண்ணி மட்டம் பார்த்தே சோறு தின்கிற எனக்கு அது உடனே விளங்கியது. அவர் என்னைத் துரத்தியிருக்கலாம். மறுநாள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உம்மாவின் வலது கையை என்னிடம் தந்தார். "இந்தக் கை நானாவுக்கு. அந்தக் கை எனக்கு."

பிரஷரைப் பிடித்து வைத்திருந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிரஷர் இறங்காமல் நின்றது. குழாயை எடுத்த அன்று, மிஸி அந்த இடத்தை விரலால் அழுத்தியபடி, தூக்கிக்கூடப் பார்க்காமல் நெடுநேரம் நின்றார். பிறகு கட்டுப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானா, இப்ப சுத்துங்க."

சுற்றினேன். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

மிஸியின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. தொழுதபின் துஆவில் "அந்தக் கையைப் பார்த்த மிஸி" என்றுதான் சொல்கிறேன். அல்லாஹ்வுக்கு ஆள் விளங்கும்.