மேற்கணக்கு ரோடு

எங்கள் ரோட்டை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். யாராவது திட்டினால் இன்னும் எரிச்சல் வரும். இப்போது அட்டன் டவுனில், மகன் வீட்டில், மெயின் ரோட்டோரமாகத்தான் இருக்கிறேன். பகலெல்லாம் லொறிகள் போகின்றன. பெரும்பாலும் அவை காதில் விழுவதே இல்லை. ஏற்றத்தில் ஏதாவது ஒரு பழைய லொறி முதல் கியருக்கு மாறி முனகினால் மட்டும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். என்ன அத்தை என்று மருமகள் கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லாமலா ஒருத்தி உலையில் அரிசியைப் போடாமல் ஓடுவாள்? அவளுக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்கமாட்டாள், புண்ணியவதி.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கில் நாங்கள் இருந்தோம். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. எங்களுடையது கடைசிப் பிரிவு. அதற்கு மேலே யூகலிப்டஸ் என்கிற கருப்பன்தைல மரக்காடு, காட்டுக்கு மேலே எந்நேரமும் பனிமூட்டம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து பஸ் ஓடும் ரோட்டுக்கு இறங்க ஓர் ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. மழைக்காலத்தில் அது பாதையா ஓடையா என்று சொல்ல முடியாது. தோட்டத்துத் துரையும் அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் வருஷத்துக்கு ஓரிரு தடவை மேலே வந்தால் அதிசயம். கொழுந்து மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டு சொகுசாக ஃபெக்டரிக்கு இறங்கிப் போகும். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆள் தோளில் இறங்க வேண்டும்.

எழுபதுகளில் வந்த பஞ்சத்தில் கீரையையும் காட்டுக்கிழங்கையும் அவித்துத் தின்றோம். எனக்குக் கல்யாணமான புதிது. லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் சும்மா கிடந்த நிலத்தை என் வீட்டுக்காரர்தான் முதலில் கொத்தினார். தோட்டத்து வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நானும் இறங்கிக் கொத்துவேன். அவரைப் பார்த்து ஒவ்வொரு வீடும் ஒரு துண்டு பிடித்தது. வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், கரட், கோவா என்கிற முட்டைக்கோஸ். அந்தக் குளிருக்கும் கறுப்பு மண்ணுக்கும் எதைப் போட்டாலும் வந்தது.

விளைச்சலில் குறையே இல்லை. விற்கப் போனால்தான் வயிறு எரியும். விடியும்போது மூட்டையைத் தலையில் வைத்தால், வழுக்கி விழுந்து எழும்பி ரோட்டுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். லீக்ஸ் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். வியாபாரி ஒரு தாளை ஒடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவர் சொல்வதுதான் விலை. பிடிக்காவிட்டால் திருப்பித் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தச் சுமையை அந்த ஏற்றத்தில் எவன் திருப்பித் தூக்குவான்? அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருநாள் கோபத்தில் ஒரு மூட்டை கோவாவை அப்படியே பள்ளத்தில் உருட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் திட்டவில்லை. லயத்து வாசலுக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்: "நம்ம காய்கறில குத்தம் இல்ல புள்ள. லொறி இங்க வரணும். அவன் நம்ம வாசல்ல நின்னு கேக்கணும்."

நான் சிரித்தேன். லயமே சிரித்தது. கொழுந்து எடுக்கிற கூட்டத்துக்கு ரோடு ஒரு கேடா என்று எங்கள் லயத்துக் கங்காணி நக்கலடித்தார். எனக்கு அவர் ஒன்றுவிட்ட மாமா முறை. என் வீட்டுக்காரரோ விடாக்கண்டன். துரையிடம் போய்ப் போய் நின்று, தேயிலைச் செடி ஒன்றும் சாகாது, தோட்டத்துக்கு ஒரு செலவும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினோம். லயத்துக்கு ஒரு துண்டு என்று பிரித்துக்கொண்டோம். ஆண்கள் பாறையை நெருப்பு வைத்துச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தோம். கூடை பிய்ந்துபோகும், கண்டாக்கு கண்ணில் பட்டால் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வைத்து மானத்தை வாங்குவார் என்று கங்காணி மாமா கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ஒரு கூடையைத் தூக்கினார். எங்கள் லயத்துக்கு வந்த துண்டு ஒரு வளைவு. அதை என் வீட்டுக்காரர் தன் கையால் மட்டம் பார்த்துப் போட்டார்.

எண்பது பிறந்த பிறகுதான் முதல் லொறி ஏறியது. ஓட்டி வந்தவர் கீழே சிங்கள ஊரைச் சேர்ந்தவர். லொறியும் அவருடையதே, வியாபாரமும் அவருடையதே. லொறி மாத்தியா என்போம், ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தியா. சந்தையில் பழகிய தமிழ் அவருக்கு வரும். என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். முதல் நாள் அவரும் மற்ற வியாபாரிகளைப் போல உதட்டைப் பிதுக்கியதும் என் வீட்டுக்காரர், சரி மாத்தியா, பரவாயில்லை, அடுத்த லொறிக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்று மூட்டையை வீட்டுக்குள் தூக்கிப் போனார். அடுத்த லொறி எங்கே இருந்தது? ஆனால் இவ்வளவு ஏற்றம் ஏறி வந்த லொறி வெறுமையாக இறங்கினால் யாருக்கு நட்டம்? லொறி மாத்தியா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குத்தான் எங்கள் காய்கறிக்கு நாங்கள் விலை சொன்னோம்.

அதற்குப் பிறகு பள்ளத்தில் சும்மா கிடந்த மண் என்று ஒன்று இல்லை. வாடும் என்று பயந்து போடாமல் இருந்ததையெல்லாம் போட்டோம். இறங்கும் லொறியில் காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஏறும் லொறியில் உரமும் மாவும் வந்தன. அடகிலிருந்த என் தோடு காதுக்குத் திரும்பியது. மகன் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அந்த மூன்று வருஷமும் நாங்கள் மனுஷராக இருந்தோம்.

லொறி வருகிற நாளுக்கு முந்தின நாளே லீக்ஸைப் பிடுங்கி, ஓடையில் அலசி, கட்டி வைத்துவிட வேண்டும். பிடுங்கிவிட்டால் அதற்கு உயிர் கொஞ்ச நேரம்தான். அதனால் எல்லோர் காதும் லொறிச் சத்தத்திலேயே இருக்கும். கீழ் வளைவில் அது கியர் மாற்றும்போதே சமைக்கிறவள் அடுப்பை விட்டு எழும்புவாள். அது நம்முடைய லொறியா, தோட்டத்து லொறியா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எண்பத்து மூன்றில், ஆடி மாதம், ரேடியோவில் ஊரடங்கு என்றார்கள். நுவரெலியாப் பக்கம் புகை தெரிகிறது, தமிழர் வீடுகளை எரிக்கிறார்களாம் என்று கீழ்க்கணக்கிலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னான். பிடுங்கின லீக்ஸ் வாசலில் கட்டிக் கிடந்தது. லொறி வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுநாள் கங்காணி மாமா எல்லோரையும் காட்டுக்குள் ஏறச் சொன்னார். பிள்ளைகளையும் கொஞ்சம் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். மத்தியானம் தாண்டிப் பனிமூட்டம் இறங்கி, பக்கத்திலிருக்கும் முகம்கூடத் தெரியாத நேரம். கீழ் வளைவில் ஒரு லொறி கியர் மாற்றியது.

காட்டுக்குள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தினோம். அந்த ஓட்டைச் சைலன்சர், அந்த முனகல். சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம லொறிதான் புள்ள," என்றார். "இந்தக் கலவரத்துலயும் மாத்தியா வந்துட்டாரு பாரு. யாருமே இல்லன்னு திரும்பிட்டாருன்னா, பொறவு எப்ப வருவாரோ."

கொஞ்சம் பொறுங்க என்று கையைப் பிடித்தேன். பொறுத்தால் லீக்ஸ் அழுகிவிடும் என்றார். பிள்ளைகளையாவது அவர் லொறியில் ஏற்றிவிடலாம் என்றார். மற்றவர்களும் ஆமாம், அதே லொறிதான் என்றார்கள். கையை உதறிவிட்டு அவர் இறங்கினார். இரண்டு மரம் தாண்டியதும் பனி அவரை மூடிக்கொண்டது. லயத்து வாசலில் மூட்டையைத் தூக்குகிற அவருடைய முக்கல் சத்தம் கேட்டது. லொறி எங்கள் வளைவில் வந்து நின்றது. பிறகு கேட்ட குரல்களில் லொறி மாத்தியாவின் குரல் இல்லை. நிறையப் பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் குரல் ஒருதரம் மட்டும் கேட்டது. நான் கத்தாதபடி கங்காணி மாமா என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பனியெல்லாம் புகையாக நாறியது.

ராணுவம் வந்த பிறகுதான் இறங்கினோம். லயம் கரிந்து நின்றது. அவர் வளைவில், தான் போட்ட கல்லின் மேலேயே கிடந்தார். சுற்றிலும் லீக்ஸ். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது, எழுதப் போவதும் இல்லை.

கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சோறு போட்டார்கள். பிறகு கூரைக்குத் தகரம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். லயத்துக்கு வந்ததும் ஆண்கள் கல் பெயர்க்கும் அலவாங்கோடு கூடினார்கள். வளைவைத் தோண்டி ரோட்டை அறுத்துவிட வேண்டும், இனி எந்த வண்டியும் மேலே ஏறக்கூடாது என்பது அவர்கள் பேச்சு. அவர் போட்ட ரோடு என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தார்கள். "நீ சொல்லு தாயி," என்றார் கங்காணி மாமா. "நீ சொன்னா இப்பவே வெட்டிருவோம்." வெட்டுங்கள் என்றுதான் உள்ளே எரிந்தது. ஆனால் பள்ளத்தில், யாரும் தொடாமல், கரட் முற்றி வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். தோட்டச் சம்பளத்தில் ஒருத்தியாக இரண்டு வயிற்றை நிரப்ப முடியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று முழுக்க அவரோடு சண்டை போட்டேன், செத்துப்போனவரோடுதான். ரோடு கேட்டாயே, ரோடு கேட்டாயே என்று.

மறுநாள் காலை லொறி மாத்தியா நடந்து வந்தார். ஒரு கையில் கட்டு. வளைவைத் தாண்டி வராமல் அங்கேயே நின்றுவிட்டார். கீழ் டவுனில் அவரை இழுத்துப்போட்டு அடித்து லொறியைப் பறித்துப்போனார்களாம். பிறகு அதை எங்கோ ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். வழி சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. வழி சொல்ல ஆள் எதற்கு, ரோடுதான் இருந்ததே. அலவாங்கோடு நின்றவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நங்கி," என்றார். "லொறி கீழ நிக்குது. மேல கொண்டு வரவா, வேணாமா?"

கொண்டு வாருங்கள் என்றேன். கங்காணி மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பள்ளத்தில் இறங்கிக் கரட் பிடுங்க ஆரம்பித்தேன். லொறி கியர் மாற்றிய சத்தத்தில் என் பிள்ளைகள் இரண்டும் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. பயத்தில் என் சேலை நனைந்துவிட்டது. மூட்டையைக் கட்டி, நானே தலையில் தூக்கி, வளைவுக்குக் கொண்டுபோய் இறக்கினேன்.

கரட் வெடித்திருந்தது, மண் ஒட்டியிருந்தது. லொறி மாத்தியா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறுக்காமலே சட்டைப் பையில் இருந்த பணம் முழுவதையும் அள்ளி நீட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அவருக்கு வெல போடாதீங்க மாத்தியா," என்றேன். "கரட்டுக்கு மட்டும் போடுங்க."

அவர் நோட்டுகளைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, கட்டுப் போட்ட கையாலேயே தராசைத் தூக்கினார். முள் நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் விலையைச் சொன்னேன்.