அகலக் காலுக்கு ஒரு சப்பாத்து

நாட்டில் சண்டை முடிந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று கண்டுபிடித்திருந்தார்கள். இடது காலின் சின்ன விரலில் ஒரு புண், ஆறவே இல்லை.

"அம்மா, இனி வெறுங்காலோட மணல்ல நடந்தா இந்த விரலை எடுக்கத்தான் வேணும்" என்றார் கிளினிக் டொக்டர். "ஓடுறவங்க போடுற மெத்தையான சப்பாத்து வாங்குங்க. பின்னேரம் போங்க, கால் வீங்கியிருக்கிற நேரம்."

"நீங்க வீட்டோட இருங்கம்மா" என்றாள் மகள்.

வீட்டோடு இருந்தால் விடியற்காலையில் எங்கள் உடப்புக் கரையில் வலை ஏறும்போது யார் மீன் எடுப்பது? கருவாடு போடுவது என் தொழில். புருஷன் போன பிறகு மூன்று பிள்ளைகளையும் அதில்தான் வளர்த்தேன். தொட்டுப் பார்க்காமல் ஒரு மீனும் நான் வாங்கியதில்லை.

மகளோடு புத்தளத்துக்கு பஸ் ஏறினேன். முதல் கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு சோடி காட்டினார்கள். என் கால் மணலில் விரிந்து வளர்ந்த கால். பாதி உள்ளே போனது, மிச்சம் வெளியே நின்றது.

"பொம்பிளைகளுக்கு இதைவிட அகலத்தில வராதும்மா. உங்கட கால்தான் கொஞ்சம்..." கடைக்காரர் இழுத்தார்.

"என்ட காலில பிழையில்ல, முதலாளி. அது அறுபது வருஷமா என்னைச் சுமக்குது. உங்கட சப்பாத்து இன்னும் ஒருத்தரையும் சுமக்கல்ல."

மகள் என் கையைக் கிள்ளினாள்.

அடுத்த கடையில் நானே ஆம்பிளைகளின் பக்கம் போனேன். சப்பாத்துக்குள் இருந்த மெத்தையை வெளியே எடுக்கச் சொல்லி, தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்றேன். பாதம் ஓரத்தில் வழிந்தால், வேண்டாம். நாலாவது சோடியில் வழியவில்லை. போட்டுப் பார்த்தேன். குதியை இறுக்கிப் பிடித்தது, முன்னால் விரல்கள் அசைந்தன. கறுப்பு, பச்சைக் கோடு. அவலட்சணம் என்றாள் மகள். கடைக்குள்ளேயே மூன்று முறை நடந்து பார்த்துவிட்டு வாங்கினேன்.

மறுநாள் விடியக் கரைக்குப் போனேன். எங்கள் கரையில் வலை கிடக்கும் இடத்துக்கு யாரும் செருப்போடு போவதில்லை. சோறு போடுகிற வலை. அப்படி வந்த எத்தனையோ பேரை நானே ஏசித் துரத்தியிருக்கிறேன்.

வலைக்குச் சொந்தக்காரர் எனக்கு மச்சான் முறை. "என்ன மச்சாள், ஓட்டப் போட்டிக்குப் பேர் குடுத்திட்டீங்களா?" என்றார். வலை இழுத்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் முகம் மாறியது. "கழட்டிப்போட்டு வாங்க."

"கழட்டினா விரல் போகும்."

"முறையெண்டு ஒண்டு இருக்கு, மச்சாள்."

"ஓம். அதை உங்களுக்குச் சொல்லித் தந்ததே நான்தான். வலையை மிதிக்கமாட்டன். மீனைத் தொடாமப் போகவும் மாட்டன்."

வலைக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றேன். மற்ற வியாபாரிகள் மீனை எடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. நான் அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு கூடையை இழுத்து வந்து என் சப்பாத்துக்கு முன்னால் போட்டார். கையை அடிவரை விட்டு, நசுங்கியதையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்கும் இதோடதானா?"

"நாளைக்கும்தான். கூடையை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்க."