கான்டெஸாவுக்கு இரண்டு புள்ளி

காரின் முன்னால் இருக்கும் இன்ஜினும் பின்னால் இருக்கும் சக்கரமும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது; நடுவில் நின்று இரண்டுக்கும் பேச்சு நடத்திவைக்கிற குழாய்க்குப் பெயர்தான் ஷாஃப்ட். விழுப்புரத்தில் முப்பத்தொரு வருஷமாக எனக்கு அந்தக் குழாயோடுதான் பிழைப்பு. பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வீட்டில் திட்டு, ரோட்டில் தள்ளு என்று அவதிப்படுகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி. உட்காருங்கள், சொல்கிறேன்.

கரும்பு வயலில் ஏறியவர்

போன தைக்குப் பிறகு ஒருநாள் காணையிலிருந்து குமரேசன் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கரும்பு விவசாயம். பட்டறை வாசலில் பழைய கான்டெஸாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீள மூக்கு, அகல உடம்பு, படகு மாதிரி வண்டி. எனக்கே ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. எந்தக் காலத்திலோ எவனோ இன்ஜினை மாற்றியிருக்கிறான். ஷாஃப்டை மட்டும் எதையோ வெட்டி ஒட்டி மாட்டியிருக்கிறான். அறுபதைத் தாண்டினால் வண்டி முழுக்கக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குகிறதாம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் அவர் மனைவி இறங்கி பஸ்ஸில் போய்விட்டாராம்.

இதை விற்றுவிட்டு நல்ல வண்டி ஒன்று வாங்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சின்னதுல கரும்பு வெட்டிக்கினு நிக்கும்போது இந்த மாதிரி ஒண்ணு ரோட்ல போச்சு மேஸ்திரி. அன்னிக்கே நான் ஏறிட்டேன். இன்னும் எறங்கல."

மாடு கடித்த அளவு

ஷாஃப்ட் மாற்றுவதென்றால் முதலில் நீளம் வேண்டும். கியர்பாக்ஸ் வாயிலிருந்து பின்சக்கரக் கூண்டு வாய் வரை. கூடிப்போனால் பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸில் போய் இடிக்கும். குறைந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். அன்று அளப்பதற்குள் வண்டியை ஊருக்குத் திருப்பி ஓட்டிப்போய்விட்டதால், அளவை எடுத்து வாருங்கள் என்று குமரேசனிடம் போனில் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார், தோளில் ஒரு கரும்பு. டேப் கிடைக்கவில்லையாம்; வண்டிக்கு அடியில் கரும்பைப் பிடித்துச் சரியாக வெட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

அதிலும் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அளந்திருக்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தப்பை நீங்களும் செய்வீர்கள். சக்கரம் தரையில் நிற்க வேண்டும், பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்போது எடுப்பதுதான் அளவு. நான் கோபமாகக் கரும்பைத் திருப்பிப் பார்த்தால் ஒரு முனை சப்பிப் போயிருந்தது. குமரேசன் தலையைச் சொறிந்தார்: "ரெண்டு விரக்கடை சேத்துக்க மேஸ்திரி, பஸ் ஸ்டாப்புல ஒரு மாடு கடிச்சிடுச்சு."

கோணல் யாருடையது

வண்டியை வரவழைத்து நானே அளந்தேன். அளக்க இரண்டு ஆள் வேண்டும். டேப்பின் ஒரு முனையைக் குமரேசன் பிடித்தார், ஆனால் இழுத்துப் பிடிக்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்த முனையை என் பழைய கூட்டாளி அந்தோணி பிடிப்பான். நான் "ம்" என்பதற்குள் அவன் "ஆச்சு" என்பான். அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வேலை, எந்த ஷாஃப்ட் என்று பார்ப்பது. வேறு வண்டியின் ஷாஃப்டை வெட்டிப் போடலாம். அந்தக் குழாய் மெலிசு, இந்த இன்ஜினுக்கு முறுக்கிக்கொள்ளும். பழைய இரும்புக் கடையில் வாங்கலாம். குமரேசன் புதுச்சேரிப் பக்கம் ஒரு கடையில் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு கட்டைமேல் வைத்து உருட்டி, பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தேன். நேரான குழாய் என்றால் சுற்றிலும் கோடு விழும். இதில் ஒரு பக்கம்தான் விழுந்தது. வளைந்த சரக்கு. கடைக்காரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் அசரவில்லை: "ஷாஃப்டு நேராதான் கீது பெரியவரே, உங்க சாக்பீஸை மாத்துங்க."

ஒரு புள்ளி

மிச்சம் இருந்தது ஒரே வழி. புதுக் குழாய் வாங்கி, அசல் முனைகளை வைத்துப் பற்றவைப்பது. இந்த வண்டி ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றின் பல்லுக்குள் இன்னொன்று செருகும். அந்தப் பல்லு முனை குமரேசன் வண்டியில் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. விசாரித்தவரைக்கும் இந்தச் சுற்று வட்டாரத்தில் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. திண்டிவனத்தில், அந்தோணி பட்டறையில்.

அந்தோணியும் நானும் பதினைந்து வருஷம் ஒரே பட்டறை. ஷாஃப்டைக் கழற்றினால் இரண்டு துண்டிலும் நேருக்கு நேர் உளியால் ஒரு புள்ளி வைப்போம், மாட்டும்போது அதே பல்லில் செருக. ஒரு பல் தப்பினாலும் வண்டி ஆடும். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. செருகியவன் ஒரு புள்ளி வைப்பான், மற்றவன் சரிபார்த்துப் பக்கத்தில் இன்னொன்று வைப்பான். இரண்டு புள்ளி இல்லாமல் எதுவும் பட்டறையை விட்டுப் போகாது. அவன் இடதுகைக்காரன், அவன் புள்ளி ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஒருமுறை அவன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஒரு ஸ்கூல் வேன் ஷாஃப்டை என் புள்ளியோடு மட்டும் அனுப்பிவிட்டேன். ஒரு பல் தப்பிப்போச்சு. வேன் திரும்பி வந்தது. பல் தப்பினது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அதை அந்தோணி என்னை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வேன்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் நிற்க, ஷாஃப்டைத் திருப்பிக் காட்டினான். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் நான் அவனோடு பேசவில்லை. அன்றிலிருந்து ஒரு புள்ளிதான் வைக்கிறேன். வைத்துவிட்டு, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி ஷாஃப்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அன்றைக்கு அவன் சொன்னது இதுதான்: "ஒரு புள்ளிதான் கீது பாருங்க. அண்ணன் யாரையும் கேக்காம மாட்டிட்டாரு."

வாத்தியார் போட்ட ஏழு

குமரேசனை அனுப்பினேன். யாருக்கு, எந்தப் பட்டறைக்கு என்று வாயைத் திறக்கக்கூடாது, பல்லு முனையை மட்டும் வாங்கி வரவேண்டும் என்று சத்தியம் வாங்காத குறை. நாற்பத்தேழு அங்குலம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், முனை நீளத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க. அங்கேதான் கெட்டது. நான் படித்தது நாலாவது வரைக்கும். என் வாத்தியார் ஏழு போட்டால் அடியில் ஒரு கொக்கி இழுப்பார், நானும் அப்படியே பழகிவிட்டேன். அந்தக் கொக்கியை அந்தோணி பதினைந்து வருஷம் பார்த்தவன்.

மூன்றாம் நாள் குமரேசன் முனையோடு வரவில்லை, முழு ஷாஃப்டோடு வந்தார். புதுக் குழாய், சுத்தமான பற்றவைப்பு. சீட்டைப் பார்த்ததும் அந்தோணி அந்தக் கொக்கியை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தானாம், அப்புறம் முழு ஷாஃப்டையும் தானே செய்து தருவதாகச் சொன்னானாம். ஷாஃப்டைத் திருப்பினேன். சாய்ந்த புள்ளி ஒன்று. பக்கத்தில் வெறும் இரும்பு. அவன் சொல்லியனுப்பியதைக் குமரேசன் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்: "நான் ஒண்ணு வச்சிட்டேன். இன்னொண்ணு வெக்கிற ஆளு விழுப்புரத்துல கீறாரு. அவரு வெக்காம வண்டில மாட்டாதீங்க."

மரக்காணம் ரோட்டில்

அன்று காலை முழுக்க அந்த ஷாஃப்டில் குறை தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பல்லாவது தப்பியிருக்காதா என்று ஆசைப்பட்டேன். சாக்பீஸ் கோடு சுற்றிலும் மோதிரம் மாதிரி விழுந்தது. நீளம் மயிரிழை பிசகவில்லை. குமரேசன் இரண்டு டீ குடித்துவிட்டு மூன்றாவது சொன்னார். நான் உளியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிறகு சாய்ந்த புள்ளிக்குப் பக்கத்தில், இரண்டு துண்டிலும், நேராக ஒன்று அடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமரேசன் மனைவியை ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனார். கடற்கரையிலிருந்து போன் செய்து, தொண்ணூறில் போனேன், கண்ணாடிகூட நடுங்கவில்லை என்றார். திண்டிவனத்தில் நிறுத்தி அந்தோணியிடமும் காட்டினாராம். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்தானாம். பிறகு அந்த அம்மா போனை வாங்கினார்: "தூங்கிட்டேங்க. இத்தினி நாளா ஆடுனது வண்டியா, இவரான்னு இப்பதான் தெரிஞ்சிச்சு."

பதினாறு வருஷமாகப் பேசாத ஆளோடு நான் பேசிவிட்டேன் என்று யாரும் கிளப்பிவிடாதீர்கள், நான் புள்ளிதான் வைத்தேன்.