பேண்டேஜ் துணிப் பூக்கள்

மகள் ஜன்னலில் காகிதப் பூக்கள் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன்; அந்த வாசனையில் இராஜபாளையம் மில் குவார்ட்டர்ஸின் ஒற்றை ஜன்னல் வந்து நின்றது. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா கொண்டுவரும் கழிவுத் துணியைச் சொட்டு நீலத்தில் முக்கி, காயவைத்து, பூவாக வெட்டி, நானும் தங்கையும் கண்ணாடியில் ஒட்டுவோம். துணி சல்லடை போலிருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டச் சொல்வாள் அம்மா.

"ஏட்டி, சந்து விடாம ஒட்டு. சத்தம் போடாத, அப்பா இப்பத்தான் படுத்திருக்காக."

நைட் ஷிப்ட் முடித்த அப்பா பாயில் கிடப்பார். நாங்கள் ஜன்னலை அழகுபடுத்துவதாகவே நினைத்திருந்தோம்; அவர் கண்ணில் வெயில் படாமல் அடைத்துக்கொண்டிருந்தோம்.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். அப்பா படுத்திருந்த இடத்தில் வெயில் தாராளமாக அடிக்கிறது.