ஒரு பிடி பார்லி

நிலக்கரிப் புகையும் பார்லித் தூசும் கலந்த அந்த வாசம் முதலில் தொண்டையைத்தான் பிடித்தது. அதன்பிறகு சத்தம், காலுக்குக் கீழே நிலம் அதிரும்படியான சத்தம். மனிதரும் குதிரையும் செய்துவந்த வேலையை இயந்திரங்கள் எப்படிப் பிடுங்கிக்கொண்டன என்று ஐந்தாம் வகுப்பில் நாங்கள் படித்த இலையுதிர் காலம் அது. ஆசிரியை எங்களை நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவில் ரயிலேற்றி, லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால், பழைய நீராவி இயந்திரத்தை வருடத்தில் ஒரு நாள் ஓட்டிக் காட்டும் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டின் முதல் ரயிலே இந்த வழியால்தான் ஓடியது என்று அவர் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் என் காதில் ஏறவில்லை, ஏனென்றால் துணைக்கு வந்த பெற்றோரில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மா கிளிநொச்சிப் பக்கத்து வயற்காரி. மற்றப் பிள்ளைகள் “மாட்பக்க” என்கிற பாண் பொதியைப் பிரிக்க, அம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்து ஆளாளுக்கு நீட்டினார், ஆசிரியைக்கும் நீட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் யாரோ எவரோ என்கிற மாதிரி, நான் என் சிநேகிதியோடு தள்ளிப்போய் நின்றேன்.

நீராவி இயந்திரம் ஒரு பக்கம், கதிரடிக்கும் பெட்டி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, மறைப்பு எதுவுமில்லாமல், ஒரு நீளத் தோல் பெல்ட் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கிட்டப் போகாமலிருக்க ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பெட்டியிலிருந்து பார்லி மணி கொட்டத் தொடங்கியதும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. ஊரில் அறுவடையின் முதல் பிடியைப் “புதிர்” என்று வீட்டுக்கு எடுத்து வந்து பழகியவர் அவர்.

“பிள்ளை, இஞ்சை பார், புதுத் தானியம்! ஒரு பிடி கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னாலை வைப்பம்” என்று உரத்துக் கூப்பிட்டார். நான் கேட்காதவள் போல் நின்றேன். அம்மா குனிந்து கயிற்றுக்குள் நுழைந்து கையை நீட்டினார்.

தோளில் கிடந்த கம்பளிச் சால்வையின் தலைப்பு காற்றில் எழும்பி, பெல்ட்டும் அதைச் சுழற்றும் சில்லும் சேரும் இடத்துக்குப் போவதை நான் கண்டேன். கண்டுகொண்டே நின்றேன். “அம்மா” என்று கத்தினால் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று, ஐயோ, அந்த நேரத்தில் யோசித்தேன். சால்வை இறுகியது, அம்மா இழுபட்டார். என் பக்கத்திலிருந்து ஒரு வீரிடல். இயந்திரத்தை ஓட்டியவர் பாய்ந்து வந்து தடியால் பெல்ட்டைத் தட்டிக் கழற்ற, சால்வை கிழிந்து அம்மா நிலத்தில் விழுந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு. பொத்திய கைக்குள் பார்லி அப்படியே இருந்தது.

அதன்பிறகு பல மாதம் சுற்றுகிற எதைக் கண்டாலும் எனக்கு நடுக்கம். ஸ்டேசனில் நகரும் படிக்கட்டில் ஏறினால் அம்மாவின் உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வேன்.

இப்போது எங்கள் வீட்டைக் கடக்கும் பஸ் மின்சாரத்தில் சத்தமே இல்லாமல் போகிறது. அப்படித் திறந்தபடி ஓடும் பெல்ட்டை எங்கேயும் காணவில்லை. எல்லாவற்றுக்கும் மூடி போட்டாயிற்று. அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. பேர்கன் நகரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

“இவள் கத்தின சத்தத்திலைதான் அண்டைக்கு நான் தப்பினனான். இல்லாட்டி இண்டைக்கு இருப்பனோ?” என்று என் தலையைத் தடவுவார்.

கத்தியது என் சிநேகிதி. நான் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பயந்துபோய், தேத்தண்ணி போட எழும்பிப் போகிறேன்.